மணிராஜைப் புரிந்துகொண்ட விதம்

மணிராஜுக்கு மாத்திரை வாங்க அவன் பெண்டாட்டி சுடலைவடிவு அவனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அங்கே இருந்த டாக்டர்கள் எல்லாரும் மணிராஜைப் போன்றவர்களைப் புரிந்துகொள்வதற்காகப் போயிருந்தார்கள்.

பொதிகைச்சாரல் மனநல நிலையம் திருநெல்வேலிக்கு வெளியே, தாமிரபரணிக் கால்வாயை ஒட்டி இருந்தது. புறநோயாளிகள் பிரிவில் நாற்காலிகள் மட்டும் வரிசையில் நின்றன. மருந்து கொடுக்கிற ஜன்னலும் சாத்தியிருந்தது.

"எல்லாரும் பயிற்சியில இருக்காவம்மா," என்றார் வாசல் காவலாளி சிலுவைமுத்து. கடல்கரைக்காரர். வள்ளம் தள்ளிப் பழகிய தோள் காக்கிச் சட்டைக்குள் அடங்காமல் நின்றது.

"என்ன பயிற்சி அண்ணாச்சி?"

"ஒங்கள மாதிரி ஆளுககிட்ட எப்படிப் பேசணும்னு."

"எங்ககிட்ட பேசிப் பாத்தாலே தெரிஞ்சிருமே?"

"அப்படிச் சும்மா பேசிப்புடக் கூடாதாம். அதுக்குத்தான் பயிற்சி."

பண்பாட்டு உணர்திறன் தொடர்கல்வி என்று அதற்குப் பெயர். வருஷாவருஷம் இதில் உட்கார்ந்து பாயிண்ட் சேர்த்தால்தான் மனநல டாக்டர் மனநல டாக்டராக நீடிக்கலாம். நோயாளியைப் பார்ப்பதற்குப் பாயிண்ட் கிடையாது. ஆகவே டாக்டர்கள் நோயாளியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, நோயாளியை எப்படிப் பார்ப்பது என்பதைக் கூடுதலாகக் கற்றுவந்தார்கள்.

மணிராஜ் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். கவாத்து வேலைக்காரன். தேயிலைச் செடியை மரமாக விடாமல், இடுப்பளவுக்கு மட்டமாக வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்று பெயர். எஸ்டேட்டை மூடியதால் ஜனங்கள் எல்லாரும் மலையை விட்டு இறங்கினபோது இவர்களும் இறங்கினார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு வாய்த்தது. அங்கே வந்த பிறகு மணிராஜுக்கு உறக்கம் போயிற்று. விடியுமுன் எழுந்து கத்தியோடு கீழே இறங்கி, குடியிருப்பில் இருந்த செடி அத்தனையையும் இடுப்பளவுக்கு மட்டமாக வெட்டினான். செம்பருத்தி போயிற்று, கறிவேப்பிலை போயிற்று, பிள்ளையார் கோயில் அரளியும் போயிற்று. கேட்டால், "எஸ்டேட் தொர வரதுக்குள்ள முடிச்சிரணும்" என்பான். வடிவு கத்திகளை ஒளித்து வைத்தாள். அவன் கையாலேயே ஒடித்தான். இனிமேல் ஒடிக்கச் செடியில்லை, எங்கள் கழுத்துத்தான் பாக்கி என்று குடியிருப்பில் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

அப்போதுதான் டெல்பின் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். விக்கிரமசிங்கபுரம் மில் தொழிலாளி மகள். சின்ன வயசு. மணிராஜ் அந்த மாத்திரையைப் போட்டுப் படுத்தவன் மறுநாள் வெயில் ஏறின பிறகு எழுந்து, "ஏட்டி வடிவு, கட்டஞ்சாயா இருக்கா?" என்று கேட்டான். வடிவு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு அழுதாள். அந்த மாத்திரைதான் இப்போது தீர்ந்துபோயிருந்தது. அவன் மறுபடியும் சில ராத்திரிகளாகக் கண் மூடவில்லை. பஸ்ஸில் வரும்போதே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வேலியோரக் கிளைகளை எட்டி எட்டி ஒடித்துக்கொண்டு வந்தான்.

"பின்னால கூடத்துல நடக்கு. டெல்பினம்மா காப்பி குடிக்க வெளிய வருவாவ. அங்கன போய் நில்லுங்க," என்றார் சிலுவைமுத்து.

கூடத்து வாசலிலும் மேடையிலும் குலைதள்ளிய வாழை கட்டியிருந்தது. உள்ளே மேடையில் ஓலைக்குடிசை ஒன்று போட்டு, குடிசைக்குள் ஏசியும் வைத்திருந்தார்கள். குடிசைக்கு முன்னால் உரல், உலக்கை, மாட்டுவண்டிச் சக்கரம். பட்டுச்சேலை கட்டின பெண் ஒருத்தி பன்னீர் தெளிக்க வந்தவள், வடிவின் சேலையைப் பார்த்ததும் சொம்பைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பின்வாசல்."

"நாங்க கலைஞர் இல்லம்மா. மாத்திர வாங்க வந்தோம்."

அதற்குள் மேடையில் இருந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். அவர்தான் முதன்மைப் பயிற்றுநர். எங்கெங்கோ வெளிநாடுகளில் படித்துவிட்டு, தற்சமயம் பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களைக் கவனித்துவருகிறவர். கைத்தறி ஜிப்பா, கழுத்தில் ருத்திராட்சம்.

"அசல்!" என்று அவர் மைக்கில் கத்தினார். "நண்பர்களே, நாடகக் குழு ஆட்களை நோயாளிகளாக நடிக்க வைப்பதாக இருந்தோம். அசலே வந்துவிட்டது. மேலே கொண்டுவாருங்கள்!"

டெல்பின் மூன்றாவது வரிசையில் இருந்தாள். வடிவைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். பக்கத்தில் இருந்த பெரிய டாக்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இடையில் எழுந்தால் பாயிண்ட் போய்விடும்.

புருஷனையும் பெண்டாட்டியையும் குடிசைக்குள் உட்கார வைத்தார்கள். ஏசிக் காற்று நேரே மணிராஜின் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். "மழ வருது வடிவு," என்றான்.

திரையில் 'திருநெல்வேலி மனிதன்: ஓர் அறிமுகம்' என்று எழுத்து வந்தது. திருநெல்வேலி மனிதன் கோபக்காரன், பாசக்காரன், அல்வா விரும்பி என்று பயிற்றுநர் விளக்கினார். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிக்காரர்கள். அவர்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு குறிப்பெடுத்தார்கள்.

"நோயாளியை 'சார்' என்றோ 'ஐயா' என்றோ அழைப்பது காலனிய வன்முறை. அவரை அவர் மண்ணின் சொல்லால் தொட வேண்டும். எல்லாரும் சொல்லுங்கள்: ஏலே!"

"ஏலே!" என்றது அரங்கம்.

"அடிவயிற்றிலிருந்து!"

"ஏலே!"

பெரிய டாக்டர் மேடைக்கு வந்து செய்து காட்டினார். மணிராஜைவிட அவருக்கு இருபது வயசு குறைச்சல் இருக்கும். "ஏலே மணிராஜ், என்னலே செய்யுத?" என்று உரக்கக் கேட்டார். மணிராஜ் திடுக்கிட்டு எழுந்து தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினான்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் சார்?"

"கவனித்தீர்களா?" என்றார் பயிற்றுநர். "எழுந்தே விட்டார். இதுதான் தொடர்பு ஏற்படும் தருணம்." கைதட்டல் எழுந்தது.

பிறகு அவர் வடிவின் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஜிப்பா அழுக்காகாமல் இருக்க முன்னமே ஒருத்தர் பாய் விரித்திருந்தார். "அம்மா, உங்கள் பண்பாட்டின் பார்வையில் இவருக்கு என்ன?"

"உறக்கம் இல்ல சார். மாத்திர தீந்துபோச்சு."

பயிற்றுநர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாக்கியத்தை உள்ளே வாங்குவதாக அரங்கம் புரிந்துகொண்டு அமைதி காத்தது.

"மாத்திரை தீர்ந்துபோயிற்று," என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "எவ்வளவு பெரிய உருவகம். எழுத்தின் ஒலி அளவுக்கும் தமிழில் மாத்திரை என்றுதானே பெயர்? தங்கள் காலம் முடிந்துவிட்டது, தங்கள் குரல் அற்றுப்போயிற்று என்கிறார் இந்தத் தாய். இந்த மாத்திரை என்னவாக இருக்கும்? குழுக்களாகப் பிரிந்து பேசுங்கள்."

குழுக்கள் பேசின. ஒரு குழு அதை இழந்த நிலம் என்றது. இன்னொரு குழு தாய்வழிச் சமூகம் என்றது. டெல்பின் கையைத் தூக்கினாள்.

"சார், அது மாத்திரைதான். நான் எழுதிக் குடுத்தது. ராத்திரிக்கு ஒண்ணு. வெளிய போய்க் கையெழுத்துப் போட்டு இப்பவே எடுத்துக் குடுத்துட்டு வந்திருதேன்."

அரங்கம் அவளை வருத்தத்தோடு பார்த்தது.

"உங்கள் பெயர்?"

"டெல்பின்."

"டெல்பின், நோயாளியின் சொல்லை மருந்துக்கடைச் சீட்டாகச் சுருக்கிவிட்டீர்கள். இதற்கு மேலாதிக்கப் பார்வை என்று பெயர். நீங்கள் எந்த ஊர்?"

"வி.கே.புரம் சார். மணிமுத்தாறு எங்க வீட்டுக்குப் பக்கந்தான். மாஞ்சோல பஸ் எங்க ஊர் ஆளுகள ஏத்திக்கிட்டுதான் மலைக்குப் போவும்."

"அதுதான் சிக்கல். மிகவும் பக்கத்தில் இருக்கிறீர்கள். பண்பாட்டைப் பார்க்கத் தூரம் வேண்டும்." அவர் சைகை காட்டினார். டெல்பினுடைய பாயிண்டிலிருந்து கழிக்கப்பட்டது.

அடுத்து நிலையத்தின் இயக்குநர் டாக்டர் பிரம்மநாயகி வாழ்த்திப் பேசினார். கையில் பெரிய பூங்கொத்து. "ஒரு காலத்தில் இங்கே நோயாளிகள் வந்தார்கள், மருந்து வாங்கினார்கள், போனார்கள். எவ்வளவு இயந்திரத்தனம்! இன்று அவர்கள் நம் வாசலில் காத்திருக்கிறார்கள். காத்திருப்பதும் அவர்கள் பண்பாடு அல்லவா? அதை நாம் கெடுப்பதில்லை. நோயாளிகளின் தனிமையை எந்த அளவுக்கு மதிக்கிறேன் என்றால், இயக்குநராக வந்ததிலிருந்து நான் வார்டுப் பக்கம் போனதே கிடையாது."

இந்த இடத்தில் எழுந்த கைதட்டல் கொஞ்ச நேரம் ஓயவில்லை.

மணிராஜுக்கு என்ன நோய் என்பது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எல்லாரும் செல்போனில் அமுக்க வேண்டும். திரையில் முன்னோர் வருகை, மலையின் அழைப்பு, தேயிலைத்தாய் இறங்கியது என்று வாய்ப்புகள் தெரிந்தன. உறக்கமின்மை அதில் இல்லை. பெருவாரியான வாக்கில் தேயிலைத்தாய் வென்றாள்.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க மலையில தேயிலைக்குன்னு சாமி கெடையாது. வெள்ளக்காரன் கொண்டாந்து வெச்ச செடி அது."

"தன் தெய்வத்தின் பெயரைக்கூட மறக்க வைத்துவிட்டார்கள்," என்றார் பயிற்றுநர். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. வடிவுக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அழுகிற மனுஷனிடம் மாத்திரையைப் பற்றி எப்படித் திரும்பக் கேட்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள்.

தேயிலைத்தாயை வரவேற்று அனுப்பிவைப்பதுதான் சிகிச்சை என்று முடிவாயிற்று. மருந்து கொடுத்தால் அவள் அவமானப்படுவாள். விளக்குகளை அணைத்தார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து புகை இயந்திரம் வந்தது. அலங்காரத்துக்கு வாங்கிவைத்த பிளாஸ்டிக் செடிகளை மேடையில் வரிசையாக அடுக்கினார்கள். உறுமி முழங்கியது. வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்து மணிராஜின் காலைத் தொட்டது.

மணிராஜ் அதைக் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். மலையிறங்கின பிறகு வடிவு அவன் முகத்தில் பார்த்திராத சந்தோஷம் அது. "மூடுபனி இறங்கிட்டு. நான் வாரேன்டி," என்று சொல்லிவிட்டு எழுந்தான். தொடக்கவிழாவில் ரிப்பன் வெட்டிய பெரிய கத்தரிக்கோல் தாம்பாளத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே போனான்.

"அத புடுங்குங்க! யாராவது அத புடுங்குங்க!" என்று வடிவு கத்தினாள்.

"தடுக்காதீர்கள்," என்றார் பயிற்றுநர். "படம் எடுங்கள்."

மணிராஜ் வேலைக்காரன். பிளாஸ்டிக் செடிகளை ஒரே மட்டத்தில் வெட்டிச் சாய்த்தான். வாழையை வெட்டினான். குடிசையின் ஓலையை, தோரணத்தை, விருந்தினர் மாலையை, மைக் வயரை, எதையெல்லாம் இடுப்புக்கு மேலே கண்டானோ அதையெல்லாம் வெட்டிக்கொண்டு வரிசை தப்பாமல் முன்னேறினான். அரங்கம் எழுந்து நின்று தாளத்துக்குக் கை தட்டியது. கடைசியில் டாக்டர் பிரம்மநாயகியின் கையில் இருந்த பூங்கொத்து அவன் கண்ணில் பட்டது. அதையும் மட்டமாக வெட்டினான். இயக்குநரின் விரல் நுனியில் ஒரு கீறல் விழுந்தது.

அதோடு தேயிலைத்தாய்க்கு மரியாதை முடிந்துவிட்டது. "செக்யூரிட்டி!" என்று இயக்குநர் போட்ட சத்தத்தில் உறுமியே நின்றது. சிலுவைமுத்து ஓடிவந்தார். அவர் காவலாளிதான், மனநல வல்லுநர் இல்லை என்பதால் எந்தப் பயிற்சியும் பெறாதவர். மணிராஜை ஒரே அமுக்கில் குப்புறச் சாய்த்து, முதுகில் முழங்காலை ஊன்றி, இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்தார்.

"நிறுத்துங்கள்!" என்றார் பயிற்றுநர்.

வடிவு அவரை நன்றியோடு பார்த்தாள்.

"கயிறு வேண்டாம். அது மாட்டைக் கட்டுவது. மனிதனின் கண்ணியம் முக்கியம்." அவர் தாம்பாளத்திலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து நீட்டினார். "இதால் கட்டுங்கள்."

சரிகை போட்ட பொன்னாடையால் கையைப் பின்னால் இறுக்கிக் கட்டி மணிராஜை வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம், "இன்னும் ரெண்டு வரிச இருக்கு சார், முடிச்சிட்டு வந்திருதேன் சார்," என்று அவன் கெஞ்சிக்கொண்டே போனான்.

வடிவு பின்னாலேயே ஓடினாள். வார்டுக் கம்பிக்கதவில் சிலுவைமுத்து கையைக் குறுக்கே வைத்தார். பயிற்சியின் நிறைவில் ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். உணர்திறன் சான்று இல்லாதவர் எவரும் இனி நோயாளியிடம் பேசக் கூடாது.

"நான் அவிய பொண்டாட்டி, அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதா தாயி? என் வேல போயிரும்."

வடிவு இயக்குநரின் அறைக்குப் போனாள். டாக்டர் பிரம்மநாயகி விரலில் கட்டுப் போட்டிருந்தார்.

"மனைவி என்றால்தான் இன்னும் ஆபத்து," என்றார் அவர். "நோயாளியிடம் அதிகமாகப் பேசுகிறவர் நீங்கள்தானே? கலியாணமாகி எத்தனையோ வருஷமாக ஒரு பயிற்சியும் இல்லாமல் பேசிவந்திருக்கிறீர்கள். இப்போது விளைவைப் பார்த்தீர்களா?"

"டெல்பின் டாக்டரையாவது பாக்கணும்."

"டெல்பின் தேறவில்லை. அவரும் நோயாளிகளிடம் பேச முடியாது."

டெல்பின் படிக்கட்டில் நின்றிருந்தாள். வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீட்டு எழுதி வெச்சேன் வடிவக்கா. என் கையெழுத்து இப்போ செல்லாதுங்காவ," என்றாள்.

வடிவு தினமும் பஸ் பிடித்து வந்து வார்டு ஜன்னலுக்குக் கீழே நின்றாள். மாடியிலிருந்து, "ஏட்டி வடிவு! ஏட்டி!" என்று அவன் கூப்பிடுவது கேட்கும். பதில் சொன்னால் பேசினதாக ஆகிவிடும் என்று சிலுவைமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். அவள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு நிற்பாள். ராத்திரியெல்லாம் அவன் கத்துவதாக மற்ற நோயாளிகள் புகார் சொன்னார்கள். தேயிலைத்தாயே தானாகப் போவாள் என்று பொறுத்துப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. கடைசியில் பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில், யானைக்குப் போடுகிற அளவுக்கு ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலில் சத்தம் இல்லை.

சத்தம் நின்ற பிறகுதான் வடிவு இயக்குநரிடம் போய், தானும் பயிற்சியில் சேருவதாகச் சொன்னாள். இயக்குநருக்கு மகிழ்ச்சி. சமூகப் பங்கேற்பு என்ற தலைப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அடுத்த பயிற்சியில் வடிவு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அதே பயிற்றுநர். அதே உரல். எல்லாரும் ஏலே என்றபோது அவளும் அடிவயிற்றிலிருந்து ஏலே என்றாள். பிறகு திரையில் படம் ஓடியது. தலைப்பு 'கவாத்து நடனம்: ஓர் ஆன்மிக விடுதலை'. அவள் புருஷன் புகைக்குள் செடிகளை வெட்டிக்கொண்டு போனான். முகத்தில் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது. பூங்கொத்துக்கு முன்னாலேயே படம் முடிந்துவிட்டது.

"இவருக்கு என்ன வேண்டும்?" என்று பயிற்றுநர் அரங்கத்தைக் கேட்டார். "யார் சொல்கிறீர்கள்?"

வடிவு எழுந்தாள். ராத்திரிக்கு ஒரு மாத்திரை என்பது தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணும் வேண்டாம் சார். தேயிலைத்தாயி எறங்கியிருக்கா. நாமதான் கும்பிட்டுட்டுத் தள்ளி நிக்கணும்."

பயிற்றுநர் மேடையை விட்டு இறங்கி வந்து அவள் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று குடிசைக்குள் உட்கார வைத்த ஆள் அவள்தான் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த வருஷத்துப் பயிற்சியில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். சான்றிதழும், கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலப்பட்டை போட்ட அட்டையும் கொடுத்தார்கள். அட்டையில் அவள் படம், பெயர், அதற்குக் கீழே 'பண்பாட்டு மனநல வல்லுநர்'. அவளுக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. வாயெல்லாம் கசந்துகொண்டிருந்தது.

அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நேரே வார்டுக்குப் போனாள். சிலுவைமுத்து கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். இயக்குநரும், முதல் மாணவியின் செயல்முறையைப் பார்க்க, நிலையத்துக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக வார்டுக்குள் காலை வைத்தார்.

மணிராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது. கடைவாயில் எச்சில் காய்ந்திருந்தது. நீலப்பட்டையைக் கண்டதும் பைய எழுந்து, துண்டு இல்லாத தோளைத் தடவி, கையைக் கூப்பினான்.

"கும்பிடுதேன் டாக்டரம்மா. தேயிலைத்தாயி நல்லா இருக்கா. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

கேட்காமலே சொன்னான். அப்படிச் சொன்னால்தான் கைக்கட்டை அவிழ்க்கிறார்கள் என்று அவனும் கற்றுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நான் வடிவு."

அவன் சிலுவைமுத்துவைப் பார்த்தான். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிறகு, இயக்குநருக்குக் கேட்காத குரலில், அவள் பக்கமாகக் குனிந்தான்.

"கீழ ஜன்னலுக்கு நேரா எம் பொண்டாட்டி நிப்பா டாக்டரம்மா. படிக்காதவ. அவள உள்ள விடமாட்டேங்காவ. நீங்க பெரிய டாக்டரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாவ."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் இயக்குநர்.

வடிவு மணிராஜின் கடைவாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"சொல்லுதேன்," என்றாள் அவனிடம்.